பார்வை அனுமதி

ஜூன் 3, திங்கள்

காலையில் மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோனேன். தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிச் சொன்னார். ஐம்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது சுலபமாகிவிடுகிறது.

அலுவலகத்தில் துறையூர் கிளையின் கோப்பு ஒன்று காத்திருந்தது. லோகநாயகி என்ற பள்ளி ஆசிரியை, வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் நேராகவே புகார் செய்திருக்கிறார். கணவருக்குத் தெரியாமல் எங்கள் வங்கியில் அவர் ஒரு டெபாசிட் வைத்திருந்தார். வீட்டு முகவரிக்கு எந்தக் கடிதமும் அனுப்பக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார். மே மாதம் ஒருநாள் கணவர், மனைவியின் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கை என்ட்ரி போட எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்திருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் பூங்கோதை அதை அச்சடித்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. "சார், மேடம் பேர்ல இன்னொரு டெபாசிட் பத்தாம் தேதி முடியுது. ரினிவல் போட்டுடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் வங்கியில் இதற்கு மரியாதை என்று பெயர். பாஸ்புக்கை யார் கொண்டுவந்தாலும், குடும்பத்து ஆள்தானே என்று என்ட்ரி போட்டுத் தருவோம். முடியப்போகும் டெபாசிட்டை நினைவுபடுத்தும் ஊழியருக்கு மாதாந்திரக் கூட்டத்தில் கைதட்டுவோம். பூங்கோதை இரண்டு முறை கைதட்டல் வாங்கியவர்.

லோகநாயகி இப்போது அக்காள் வீட்டில் இருக்கிறார். இடது கையில் கட்டு. புகாரில் அது ஒரு வரிதான்.

சாரு நலம். நேற்று பால், கீரை, பூ.

ஜூன் 5, புதன்

பொது மேலாளர் ராமதுரை கூப்பிட்டார். பணியாளர் துறை அவருடையது. பதினேழு வருடம் திருச்சி கோர்ட்டில் வக்கீலாக இருந்துவிட்டு வங்கிக்கு வந்தவள் என்பதால், சட்டம் மற்றும் ஒழுங்குமுறைத் துறைக்குத் தலைவியாகப் பதினோரு வருடம் ஆன பிறகும் நான் அவருக்கு வக்கீலம்மாதான்.

"வக்கீலம்மா, இத வளர விடக்கூடாது. அந்தப் பொண்ண டிஸ்மிஸ் பண்ணியாச்சுன்னு பதில் எழுதிட்டா, மேல இருக்கறவங்க அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க."

"விசாரணை இல்லாம டிஸ்மிஸ் பண்ண முடியாது சார்."

"யாரு வேணாம்னா? விசாரணைய நீங்க பண்ணுங்க. முடிவுதான் சொல்லிட்டேனே."

சாருவைப் பற்றி இங்கே தினம் எழுதுகிறேன். அது எப்படி என்று ஒரு விளக்கமும் எழுதிவைப்பதுதான் முறை. சாரு என் மகள், ஒரே மகள். அவள் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. சாரு தஞ்சாவூரில் கணவனோடு இருக்கிறாள். எங்களுக்குள் பத்தொன்பது மாதமாகப் பேச்சு இல்லை. அவள் கணக்கு எங்கள் வங்கியில் இருக்கிறது, அவள் கல்லூரியில் சேர்ந்தபோது நானே தொடங்கிக் கொடுத்தது. ஆய்வுக்காக எந்தக் கணக்கையும் திறந்து பார்க்கும் அனுமதி என் பதவிக்கு உண்டு. திறக்கும்போது கணினி காரணம் கேட்கும். நான்கு காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் 'வழக்கமான ஆய்வு' என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். மொத்தம் ஒரு நிமிடம் ஆகாது. தொகைகளைப் பார்ப்பதில்லை. அவள் போனில் பணம் கட்டியது எந்த இடம், எத்தனை மணி என்பது மட்டும்தான்.

சாரு நலம். பால் ஏழு பத்துக்கு.

ஜூன் 12, புதன்

நேற்று ஸ்கேன் சென்டர். மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று வந்திருந்தது. அவள் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் இருந்ததால் இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்த முறை ஸ்கேன் சென்டருக்கு அடுத்த வரியில் ஒரு மகப்பேறு மருத்துவமனை.

விரல்விட்டு எண்ணினேன். அக்டோபர் கடைசி.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சாயங்காலம் தெரு முனையில் மல்லிகை வாங்கினேன். யாருக்கு என்று தெரியவில்லை, சாமிக்கு வைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

லோகநாயகி தலைமை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில் பேசினார்.

"அவரு அடிச்சது அவரு தப்பு மேடம். அத நான் கோர்ட்டுல பாத்துக்கறேன். நான் எழுதிக் குடுத்தத நீங்க மதிக்காதது உங்க தப்பு. யாரோட வேலையும் போகணும்னு நான் கேக்கல. யாரு பாத்தாங்க, எப்ப பாத்தாங்க, யாருகிட்ட சொன்னாங்க. இது மூணும் எனக்கு எழுத்துல வேணும். இப்படி நடந்தா பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் நீங்க எழுதிச் சொல்லணும்."

"அப்படி ஒரு வழக்கம் இதுவரைக்கும் இல்லம்மா."

"இல்லன்னா உண்டாக்குங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

அவர் போன பிறகு அறிவிப்புப் படிவம் ஒன்றைத் தயாரித்தேன். பார்த்த ஊழியரின் பெயர், தேதிகள், எத்தனை முறை, காரணம் இருந்ததா இல்லையா. கீழே வாடிக்கையாளர் குறியிட இரண்டு கட்டங்கள்: மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம், அல்லது விசாரணையில் நேரில் சொல்ல விரும்புகிறேன். நல்ல படிவம். இயக்குநர் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன்.

சாரு நலம். மருந்துக்கடை, இரும்புச்சத்து மாத்திரையாக இருக்கும்.

ஜூலை 1, திங்கள்

நஸ்ரீன் என் துறையில் இளைய அதிகாரி. கணினிப் பதிவுகளில் அவளுக்குத் தெரியாதது இல்லை. வேலைத் தேவை இல்லாமல் கணக்குகளைத் திறந்து பார்த்த ஊழியர்களின் பட்டியலை எடுக்கச் சொல்லியிருந்தேன். பூங்கோதையின் பழக்கம் எப்படி என்று பார்ப்பதற்காக.

"மேடம், கிளைகள் மட்டும் போதுமா? ஹெட் ஆபீசையும் சேக்கணுமா?"

"கிளைகள் மட்டும் போதும்."

"சரி மேடம்," என்றாள். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

தலைமை அலுவலகத்தையும் சேர்த்தால் பட்டியல் நீளும், காலதாமதமாகும். புகார் கிளையைப் பற்றியது.

ஜூலை 10, புதன்

என் படிவத்தை இயக்குநர் குழு ஒரு திருத்தமும் இல்லாமல் ஒப்புக்கொண்டது. குக்கர் கேஸ்கட் வாங்க வேண்டும். சாரு நலம்.

ஜூலை 22, திங்கள்

துறையூரில் பூங்கோதையை விசாரித்தேன். முப்பத்தெட்டு வயது. கணவர் மினி பஸ் ஓட்டுகிறார், மகள் பிளஸ் டூ. பட்டியலில் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில்கூட இல்லை. பதினான்கு வருடத்தில் கவுன்ட்டருக்கு எதிரே ஆள் இல்லாமல் அவர் எந்தக் கணக்கையும் திறந்ததில்லை.

"கணவர்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஆமா மேடம். சார் எப்பவும் வர்றவருதான். உதவின்னு நெனச்சு வாய விட்டுட்டேன். கடிதம் அனுப்ப வேண்டாம்னு அவங்க எழுதிக் குடுத்தது வேற ஸ்கிரீன்ல இருக்கு, அத நான் தொறக்கல. தொறந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"பாதிக்கப்பட்டவரைப் பாத்தீங்களா?"

"போனேன் மேடம். அவங்க கைய பாத்ததும் எனக்குப் பேச்சே வரல. அவங்கதான் காபி குடுத்து அனுப்பினாங்க." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "மேடம், நான் பாக்கணும்னு பாக்கல. கண்ணு முன்னாடி வந்தத சொல்லிட்டேன். எனக்கே டிஸ்மிஸ்னா, வேணும்னே தொறந்து பாக்கறவங்களுக்கு என்ன தண்டன மேடம்?"

நக்கலாகக் கேட்கவில்லை. விதிமுறை எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார். விதி எண்ணைச் சொல்லி, அதுவும் பணிநீக்கம் வரை போகலாம் என்றேன். "அப்ப சரி," என்றார்.

திரும்பும் வழியில் ரோட்டோரக் கடையில் டீ. சர்க்கரை அதிகம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாரு கணக்கில் மூன்று நாளாக ஒரு வரியும் இல்லை. பால்கூட இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

இரண்டாவது சனி, விடுமுறை. பெரிய கோவிலுக்குப் போய் வெகுகாலம் ஆகிறதே என்று விடியுமுன் முதல் பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். ஏழு மணிக்கு ஒரு பால் பூத் எதிரே நின்றிருந்தேன். அங்கே நின்றது தற்செயல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

ஏழு பத்துக்கு மணிமாறன் வந்தான். சாருவின் கணவன். தூக்குச்சட்டியில் பால் வாங்கினான், சில்லறையாகக் கொடுத்தான். பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். பூத்காரர் ஏதோ கேட்க, "அவளுக்குக் கால் வீங்கியிருக்குண்ணே. இனிமே நான்தான் வருவேன்," என்றான். நான் ஒரு லாரிக்குப் பின்னால் இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை.

கோவிலுக்குப் போகவில்லை. பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 14, புதன்

சாருவின் கைப்பேசி எண் அவள் கணக்கின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டைவிட்டுப் போனபின் மாற்றிய புது எண். எனக்கு மனப்பாடம். ஆனால் அது வாடிக்கையாளர் வங்கிக்குக் கொடுத்த தகவல். அதைத் தனிப்பட்ட காரியத்துக்குப் பயன்படுத்துவது முறையல்ல. இந்த விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பானவள்.

பூங்கோதை கேட்ட கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. ஆகவே சாரு வீட்டைவிட்டுப் போன அந்த நவம்பரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

மணிமாறனின் கணக்கும் எங்கள் வங்கியில்தான் இருந்தது. பெண் கொடுக்குமுன் விசாரிப்பது எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நான் கணினியில் கேட்டேன். குடி இல்லை, சூதாட்டம் இல்லை, நல்ல பையன். ஒன்று மட்டும் புரியவில்லை. மாதாமாதம் ஐந்தாம் தேதி ஒரு மனநலக் காப்பகத்துக்குப் பணம் போனது. மணிமாறன் வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது, கேசரி கொடுத்த கையோடு, பேச்சுவாக்கில் கேட்டேன்: "காப்பகத்துல யாரு இருக்காங்க?"

மணிமாறனின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மணிமாறனின் அக்காள் பத்தொன்பது வயதிலிருந்து அங்கே இருக்கிறாளாம். சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியாதாம். சாருவுக்கு மட்டும் அவன் முன்பே சொல்லியிருக்கிறான். எனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் சாருவுக்குத் தெரியாமல் இருந்தது. அதையும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள், வக்கீல் வளர்த்த பெண். அந்த வாரமே பதிவுத் திருமணம். நான் கேட்டது நியாயமான கேள்வி என்று அந்த வருட நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இன்று எடுத்துப் படித்தேன். பக்கம் முழுக்க அதே வாதம்தான், மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஒரு சான்றிதழ் கேட்டிருக்கிறது. வங்கியின் எல்லா அலுவலகங்களிலும் சோதித்துப் பார்த்தோம், தேவையின்றி வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்த்த ஊழியர் எவரும் இல்லை, இருந்தால் விவரம் இணைக்கப்பட்டுள்ளது என்று சட்டத் துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும்.

நஸ்ரீன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அப்படி அவள் சாத்தியதே இல்லை.

"மேடம், 'எல்லா அலுவலகங்களிலும்'னு இருக்கு. நாம கிளைகள மட்டும்தான் பாத்திருக்கோம்."

"தெரியும்."

"முழு லிஸ்ட் என்கிட்ட இருக்கு மேடம். ஜூலைலயே எடுத்துட்டேன். யாருக்கும் காட்டல."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்." தரையைப் பார்த்தாள். "தினமும் ஒம்போதே காலுக்கு. அந்த நேரத்துல நான் உங்க கேபினுக்குள்ள வர மாட்டேன் மேடம். ரொம்ப நாளாவே."

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கூச்சமாக இருந்தது, கோபமும் வந்தது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"நீங்க என்ன சொல்றீங்களோ அத அனுப்பறேன்," என்றாள்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டு எழுதச் சொன்னேன்.

செப்டம்பர் 2, திங்கள்

சாரு நலம். மருத்துவமனை, பிறகு துணிக்கடை. முப்பத்திரண்டு வாரம்.

கையெழுத்துப் போட்டால் பிரசவம்வரை பார்க்கலாம். நஸ்ரீன் வாய்திறக்க மாட்டாள். பூங்கோதை மட்டும் போவார். உண்மையை எழுதினால் அன்றே என் அனுமதியை நிறுத்திவிடுவார்கள். இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டேன், போட்டுவிட்டு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

செப்டம்பர் 4, புதன்

ஒன்பதே காலுக்குத் திறந்தேன். கணக்கில் பால் இல்லை, மணிமாறன் சில்லறையில் வாங்கியிருப்பான். புதிதாக ஒரு வரியும் இல்லை. மூடினேன்.

பத்து மணிக்குப் பட்டியலை முழுதாக இணைத்து, சான்றிதழில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். ரேணுகாதேவி, தலைவர், சட்டம் மற்றும் ஒழுங்குமுறை. மகளின் கணக்கு நானூற்று முப்பத்தேழு முறை. மருமகனின் கணக்கு, அவர் மருமகனாவதற்கு முன், இரண்டு முறை. காரணம் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ராமதுரைக்கு வியர்த்துவிட்டது. "என்ன வக்கீலம்மா இது? உங்கள யாராவது கேட்டாங்களா? வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டு!"

"கேட்டாங்க சார். எழுத்துலதான் கேட்டாங்க."

"பெத்த தாய் பொண்ணு கணக்கப் பாத்தா அது குத்தமா?"

"கணவர் மனைவி பாஸ்புக்கைக் கொண்டுவந்தது குத்தமில்லைன்னுதான் துறையூர்ல நெனச்சாங்க."

 ஃபேனைக் கூட்டிவைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

செப்டம்பர் 6, வெள்ளி

பணி இடைநீக்கம். அடையாள அட்டையை ஒப்படைத்தேன். நஸ்ரீன் என் பார்வை அனுமதியை ரத்து செய்தாள், அவள் வேலை அது. செய்துவிட்டு, "முடிஞ்சுது மேடம்," என்றாள்.

விதிப்படி இரண்டு அறிவிப்புகள் தஞ்சாவூருக்குப் பதிவுத் தபாலில் போகின்றன. என் படிவம்தான். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

ஒன்பதே காலுக்குக் கை சும்மா இருந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு மண் மாற்றினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஒப்புகை அட்டைகள் வந்துவிட்டனவாம். இரண்டிலும் சாருவின் கையெழுத்து. நஸ்ரீன் போனில் சொன்னாள். பதில் படிவம் வரவில்லை.

அக்டோபர் 9, புதன்

பூங்கோதைக்கு ஒரு வருட சம்பள உயர்வு நிறுத்தம், எச்சரிக்கை. வேலை தப்பியது. சட்டத் துறைத் தலைவி நானூறு தடவை பார்த்திருக்கும்போது ஒரு தடவை வாய்விட்டவரை வெளியே அனுப்ப முடியாது என்று இயக்குநர் குழுவிலேயே ஒருவர் சொன்னாராம். இனி பாஸ்புக்கை வேறு ஆள் கொண்டுவந்தால் கணக்குதாரரின் கடிதம் இல்லாமல் என்ட்ரி கிடையாது. கிளைகளில் தினமும் சண்டையாம்.

பூங்கோதை போன் செய்தார். நன்றி சொல்லத்தான் செய்திருக்கிறார். மகளுக்குக் கணக்குப் பாடம் வரவில்லை என்று கொஞ்ச நேரம் பேசினார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச்சத்தம். கீழ்வீட்டில் முறுக்கு கொடுத்தார்கள்.

பிறந்துவிட்டதா, தெரியாது. ஆணா பெண்ணா, தெரியாது. அவள் எப்படி இருக்கிறாள், தெரியாது. ஊரில் மற்ற அம்மாக்கள் தெரியாததைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அந்த எண் எனக்கு இன்னும் மனப்பாடமாகத்தான் இருக்கிறது. மூன்று முறை அழுத்தினேன். பச்சைப் பொத்தானைத் தொடவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சாருவின் பதில் வந்திருக்கிறது. மணிமாறன், மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று குறியிட்டிருக்கிறார். சாரு இரண்டாவது கட்டத்தில் குறியிட்டிருக்கிறாள்: விசாரணையில் நேரில் சொல்ல விரும்புகிறேன்.

நவம்பர் 20, புதன்

ராமதுரை வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார், நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி.

"நீங்கதான் எல்லாத்தயும் ஒப்புக்கிட்டீங்களே. அப்புறம் விசாரணை எதுக்கு? விருப்ப ஓய்வுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மரியாதையா போயிடலாம், வரவேண்டிய பலனெல்லாம் வந்துடும். விசாரணைன்னு உக்காந்தா டிஸ்மிஸ் வரைக்கும் போகும், பாத்துக்குங்க."

"விசாரணை நடக்கட்டும் சார்."

"பெத்த பொண்ணு எதிர்ல குத்தவாளியா உக்காரணுமா? அந்தப் பொண்ணு உங்களக் கிழிக்கத்தான் வருது."

"வாடிக்கையாளர் நேரில் சொல்ல விரும்புகிறார். அந்த உரிமையை நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பறிக்க முடியாது," என்றேன். சட்டப்படி சரியான பதில்.

அவர் போன பிறகு பீரோவைத் திறந்து எந்தப் புடவை கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

விசாரணை காலை பதினொன்றுக்கு. விசாரணை அதிகாரி கோதண்டபாணி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. அவர் முன் நான் எத்தனையோ வழக்கு நடத்தியிருக்கிறேன். இன்று மேசையின் மறுபக்கம் உட்காரவைத்தார். தட்டச்சு செய்ய ஒரு பெண்.

சாரு உள்ளே வந்தாள். மெலிந்திருக்கிறாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. கதவு மூடுவதற்குள் தாழ்வாரத்தில் மணிமாறன் நிற்பது தெரிந்தது, தோளில் ஒரு துணிப்பொதி. அது அழுதது. பெரிய குரல், நல்ல குரல். கதவு மூடிக்கொண்டது.

சாரு என்னைப் பார்க்கவில்லை. கோதண்டபாணியைப் பார்த்துப் பேசினாள்.

"நானூத்தி முப்பத்தேழு தடவ சார். நோட்டீஸ்ல தேதி தேதியா போட்டிருக்கு. நான் எங்க கீரை வாங்கறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது ஸ்கேன், எல்லாம் தெரிஞ்சிருக்கு. என் நம்பரும் அதுலயே இருந்திருக்கு. அஞ்சாம் மாசத்துல எனக்கு ரத்தம் கம்மின்னு ரெண்டு நாள் படுக்க வெச்சிருந்தாங்க. அந்த ரெண்டு நாளும் பாத்திருக்காங்க சார். ஒரு போன் வரல. பாத்தது தப்பா இல்லையான்னு நீங்க சொல்லிக்குங்க. நம்பர் இருந்தும் ஏன் பண்ணலன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்."

கோதண்டபாணி என் பக்கம் திரும்பினார். "பதில் சொல்லலாம்."

"அந்த எண் வாடிக்கையாளர் வங்கிக்குக் கொடுத்தது. தனிப்பட்ட தேவைக்கு அதைப் பயன்படுத்த எனக்கு அனுமதி இல்லை."

தட்டச்சு நின்றது. சாரு அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே அதான் காரணமாம்மா?"

"இல்ல."

"அப்புறம்?"

"பயம். நான் பண்ணி நீ எடுக்கலேன்னா என்ன பண்றதுன்னு பயம். கணக்குன்னா நீ எடுக்க வேண்டாம். நானா பாத்துக்கலாம். அன்னிக்கு மணிமாறன் வீட்டு ஆளுங்க எதிர்ல நான் கேட்டது தப்பு. அத உங்கிட்ட சொல்லணும்னாலும் நீ போன எடுக்கணும்."

 சாரு மூக்கை உறிஞ்சினாள். சிறுவயதிலிருந்தே கைக்குட்டை கொண்டுவர மாட்டாள். நான் நீட்டினேன், வாங்கவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

கோதண்டபாணி நடைமுறையைச் சொன்னார். சாட்சியை ஊழியர் தரப்பு குறுக்கு விசாரணை செய்யலாம். "ஏதாவது கேட்கணுமா?"

"ஒரு கேள்வி," என்றேன். "குழந்தைக்கு என்ன பேர்?"

"அது குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமில்லாத கேள்விம்மா. உங்களுக்கே தெரியும். சாட்சி பதில் சொல்ல வேண்டியதில்லை."

"தெரியும் சார்."

சாரு எழுந்துவிட்டாள். கைப்பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள். பிறகு திரும்பித் தட்டச்சு செய்கிற பெண்ணிடம், "இத அடிக்காதீங்க. எங்கயும் எழுதக் கூடாது," என்றாள். தட்டச்சுப் பெண் கோதண்டபாணியைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாரு பெயரைச் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள்.

எங்கும் எழுதக் கூடாது என்று சொல்லித்தான் சொன்னாள். ஆகவே இங்கேயும் எழுதவில்லை.